அம்மாவின் கனடா விசிட் விசா ஏன் மறுக்கப்பட்டது, இனி என்ன செய்யலாம்?

தம்பி, இதே நிலையில் இருக்கிற வேறு ஆட்களும் வாசிப்பார்கள் என்பதால் முதலில் உங்கள் விஷயத்தைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கோப்பாயில் இருக்கிற அம்மாவுக்கு 64 வயது, ஓய்வுபெற்ற ஆசிரியை. அப்பா இல்லை. அக்கா ஸ்காபரோவில், கனடியப் பிரஜை. அக்காவின் இரண்டாவது பிள்ளைப்பேற்றுக்கு அம்மாவைக் கூப்பிட ஏஜென்சி ஒன்றின் மூலம் விசிட் விசாவுக்குப் போட்டு, மறுப்புக் கடிதம் வந்திருக்கிறது. கனடாவிலும் சொந்த நாட்டிலும் உள்ள குடும்பத் தொடர்பு, சொத்தும் நிதிநிலையும், பயணத்தின் நோக்கம் என்று மூன்று காரணம். இப்போது அந்த ஏஜென்சி, “3 இலட்சம் தாருங்கள், கணக்கில் 50 இலட்சம் காட்டித் திரும்பப் போடுவோம்” என்கிறது. கொடுக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

கொடுக்க வேண்டாம். யாரோ ஒருவரின் காசை அம்மாவின் கணக்கில் கொஞ்ச நாள் நிறுத்திவைத்து, அவருடையது என்று காட்டுவது கனடாவின் குடிவரவுச் சட்டத்தில் 40ஆம் பிரிவின் கீழ் வரும் பொய்த் தகவல். பிடிபட்டால் 5 வருடம் கனடாப் பக்கமே போக முடியாது, அந்த 5 வருடத்தில் நிரந்தர வதிவிடத்துக்கும் விண்ணப்பிக்க முடியாது. “நான் செய்யவில்லை, ஏஜென்சிதான் செய்தது” என்ற பதில் எடுபடாது. விண்ணப்பத்தில் இருப்பது அம்மாவின் பெயர், பொறுப்பும் அவருடையது. சாதாரண மறுப்புக்கு அப்படி எந்தத் தடையும் இல்லை. நாளைக்கே திரும்பப் போடலாம்.

நான் சட்டத்தரணி இல்லை. காணி உறுதிகளும் சான்றிதழ்களும் ஆங்கிலத்துக்கு மாற்றிக் கொடுப்பது என் தொழில். அதனால் கனடாவுக்குப் போகிற பைல்களும் திரும்பி வருகிற கடிதங்களும் நிறையக் கண்ணில் படும். விதிகளை நான் வாசிக்கத் தொடங்கியதும் அதனால்தான்.

கனடாவின் விதிகள் மூன்று அடுக்காக இருக்கின்றன. மேலே 2001இல் நிறைவேறி 2002இல் நடைமுறைக்கு வந்த குடிவரவு மற்றும் அகதிகள் பாதுகாப்புச் சட்டம். அதன் கீழே ஒழுங்குவிதிகள். அதற்கும் கீழே, அதிகாரிகள் எப்படி வேலை பார்க்க வேண்டும் என்ற அறிவுறுத்தல்கள். மூன்றையும் இணையத்தில் யாரும் வாசிக்கலாம். உங்கள் அம்மாவின் விஷயம் முழுவதும் ஒழுங்குவிதியின் ஒரே ஒரு வரியில் தொங்குகிறது: 179ஆம் பிரிவின் (பி). அனுமதித்த காலம் முடிவதற்குள் இவர் கனடாவை விட்டுப் புறப்படுவார் என்று அதிகாரி திருப்திப்பட வேண்டும், அவ்வளவுதான். அம்மா நல்லவரா, அக்கா வசதியானவரா என்பதெல்லாம் இந்தக் கேள்விக்குப் பதிலாக உதவினால் மட்டும் பெறுமதி. நிரூபிக்கிற சுமையும் விண்ணப்பிப்பவரின் தலையில்தான். அதிகாரி போன் எடுத்துச் சந்தேகம் கேட்பார் என்று இருக்கக் கூடாது. கையில் இருக்கிற தாள்களை வைத்து முடிவெடுத்துவிட்டு அடுத்த பைலுக்குப் போய்விடுவார். கைரேகை எடுக்கிற விஎஃப்எஸ் ஆட்களுக்கு முடிவில் ஒரு பங்கும் கிடையாது. “அங்கே எங்களுக்கு ஆள் இருக்கு” என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

“2023இல் எங்கள் ஒழுங்கையில் ஒன்றுமே இல்லாத ஆட்களுக்கும் விசா விழுந்ததே” என்று எழுதியிருந்தீர்கள். விழுந்ததுதான். கொரோனாக் காலத்தில் தேங்கிய விண்ணப்பங்களைக் குறைக்க, 2023 பெப்ரவரி முடிவிலிருந்து அந்த வருடம் முடியும்வரை கனடா ஒரு தற்காலிக ஏற்பாடு செய்தது. அந்த ஜனவரி நடுப்பகுதிக்கு முன்பு போட்டுக் காத்திருந்தவர்களுக்கு, திரும்பிப் போவார்களா என்ற இதே 179(பி) கேள்வியை விலக்கி வைத்தார்கள். அந்த வருடம் கிடைத்த விசாக்களில் ஒரு பகுதிக்குக் காரணம் அதுதான். எந்த ஏஜென்சியின் கெட்டித்தனமும் இல்லை. அதேபோல, விசிட்டில் போய் அங்கிருந்தே வேர்க் பெர்மிட்டுக்கு மாறலாம் என்ற சலுகையும் கொரோனாக் காலத்தில் வந்தது. 2024 ஓகஸ்ட் 28இல் அதை நிறுத்திவிட்டார்கள். இன்னமும் அதைச் சொல்லிக் காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். 2023இல் விசா எடுத்த அயலவரின் பைலைப் பார்த்து இன்றைக்கு உங்கள் பைலைக் கட்ட வேண்டாம்.

சரி, அம்மாவின் பைலுக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். உண்மையில் இது பலவீனமான கேஸ் இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்ட கேஸ்.

முதலில் அந்த உறுதி. அம்மாவின் சொத்து என்று கோப்பாய் வளவின் உறுதியை ஏஜென்சி இணைத்திருக்கிறது. நான்கு பரப்பு, கல்வீடு, மதிப்பீட்டறிக்கையில் கோடிக்கணக்கு. ஆனால் உறுதியை வாசித்தால், அது அக்காவின் கல்யாணத்தின்போது எழுதிய சீதன உறுதி. அம்மாவுக்கு இருப்பது சீவிய உரித்து மட்டும். மொழிபெயர்ப்பிலும் அது தெளிவாக வந்திருக்கும். அதிகாரியின் இடத்தில் இருந்து பாருங்கள். அம்மாவின் வீட்டுக்குச் சொந்தக்காரி கனடாவில் இருக்கிறா. அம்மாவைத் திரும்ப இழுக்கும் என்று வைத்த தாளே கனடாப் பக்கம் இழுக்கிறது. எங்கள் ஊரில் பாதி வளவுகள் இப்படி வெளிநாட்டுப் பிள்ளையின் பெயரில்தான் இருக்கின்றன. அதில் பிழை ஒன்றும் இல்லை, ஆனால் எந்த உறுதி யாருடைய பெயரில் என்று பார்க்காமல் இணைத்தது பிழை. இந்த உறுதியை இனி ஒளிக்கவும் வேண்டாம். அம்மா சாகும்வரை அந்த வீட்டில் இருக்க உரித்துடையவர் என்று ஒரு வரியில் விளக்குங்கள். அதைவிட, நீர்வேலித் தோட்டக்காணி அம்மாவின் பெயரிலேயே இருக்கிறது, வாழைக்குக் குத்தகைக்குக் கொடுத்திருக்கிறீர்கள் என்கிறீர்கள். அந்த உறுதியும் குத்தகை ஒப்பந்தமும் ஏன் உள்ளே போகவில்லை? கோடி ரூபா மதிப்பீட்டைவிட, வருடாவருடம் அம்மா கையெழுத்து வைத்துக் காசு வாங்குகிற குத்தகை அதிகம் பேசும். மதிப்பீட்டறிக்கைக்குச் செலவழிக்கிற காசைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது.

அடுத்தது வங்கி. விண்ணப்பத்துக்கு ஒரு கிழமைக்கு முன் 8.5 இலட்சம் ஒரே தடவையில் கணக்கில் விழுந்திருக்கிறது. பார்க்கிற எவருக்கும் அது கடன் வாங்கிக் காட்டியது போலத்தான் தெரியும். நீங்கள் சொல்கிறீர்கள், அது முதிர்ந்த நிலையான வைப்பு என்று. அப்படியானால் வைப்புச் சான்றிதழும், அது முதிர்ந்து இந்தக் கணக்குக்கு வந்ததைக் காட்டும் வங்கிக் கடிதமும் வையுங்கள். காசு உண்மையானது, அதன் கதைதான் பைலில் இல்லை. 50 இலட்சம் தேவையே இல்லை. அக்கா வீட்டில் தங்கி, அக்கா ரிக்கெட் போட்டுக் கொடுத்து, மூன்று நான்கு மாதம் இருந்துவிட்டு வருகிற ஒருவருக்கு ஓய்வூதியமும் அந்த வைப்பும் போதும். ஓய்வூதியம் மாதாமாதம் விழுகிற கணக்கின் ஆறு மாதக் கூற்றைக் கொடுங்கள். இலங்கை அரச ஓய்வூதியம் வாங்குகிறவர் வருடந்தோறும் தான் உயிருடன் இருப்பதற்கான சான்று கொடுக்க வேண்டும். அதையும் கடிதத்தில் ஒரு வரி சேர்க்கலாம்.

மூன்றாவது, எனக்கு ஆச்சரியமாக இருந்தது: அந்தப் பைலில் நீங்கள் இல்லை, தம்பி. அக்காவின் சம்பளத் துண்டு, வரிக் கணிப்பு, வீட்டு ஒப்பந்தம், அத்தானின் வேலைக் கடிதம் என்று பதினொரு தாள். கோப்பாயில் அம்மாவோடு ஒரே வீட்டில் இருக்கிற மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள் பற்றி ஒரு தாளும் கிடையாது. “குடும்பத் தொடர்பு” என்று கடிதத்தில் எழுதியிருப்பதன் அர்த்தம் இதுதான். அதிகாரியின் கண்ணுக்கு அம்மா, கணவனை இழந்து தனியாக இருக்கிற, ஒரே பிள்ளை கனடாவில் இருக்கிற ஒரு பெண். குடும்ப விவரப் படிவத்தில் உங்கள் பெயரை ஏஜென்சி எழுதியதா என்றே எனக்குச் சந்தேகம்; படிவத்தின் பிரதியை வாங்கிப் பாருங்கள். உங்கள் பிறப்புச் சான்றிதழ் (அதில்தான் அம்மாவின் பெயர் இருக்கிறது), கல்யாணச் சான்றிதழ், பிள்ளைகளின் சான்றிதழ்கள், எல்லோரும் ஒரே முகவரியில் இருப்பதைச் சொல்லும் கிராம சேவகர் சான்றிதழ், வாக்காளர் இடாப்புப் பிரதி, உங்கள் வேலைக் கடிதம் எல்லாம் வேண்டும். அதோடு நீங்களே எழுதிய ஒரு பக்கக் கடிதம். சின்னவளைப் பள்ளிக்கூடத்தால் கூட்டிவருவது அம்மாதான் என்று எனக்கு எழுதியிருந்தீர்களே, அதை அப்படியே அங்கே எழுதுங்கள்.

சான்றிதழ்களில் பெயர் எழுத்து வித்தியாசப்பட்டால், அடையாள அட்டையில் ஒன்று கடவுச்சீட்டில் இன்னொன்று என்று எங்கள் ஆட்களுக்கு வழமையாக இருப்பதுபோல் இருந்தால், இரண்டும் ஒரே ஆள் என்று சத்தியக் கடதாசி ஒன்று முடித்து வையுங்கள். மொழிபெயர்ப்பை வீட்டு ஆட்கள் செய்யக் கூடாது. அக்கா ஆங்கில ஆசிரியையாக இருந்தாலும் சரி வராது.

பயண நோக்கத்துக்கு ஏஜென்சி “சுற்றுலா, 6 மாதம்” என்று போட்டிருக்கிறது. பிள்ளைப்பேறு என்று எழுதினால் பிள்ளை பார்க்கிற வேலைக்குப் போவதாக நினைத்து மறுப்பார்கள் என்று ஏஜென்சிக்காரர் சொன்னாராம். இது யாழ்ப்பாணத்தில் நீண்ட நாளாக உலவுகிற கதை. சம்பளம் இல்லாமல், மகளைப் பார்க்கப் போன தாய் பேரப்பிள்ளையைக் கவனிப்பதை வேலையாகக் கணக்கெடுப்பதில்லை என்று அந்த அதிகாரிகளுக்கான அறிவுறுத்தலிலேயே உதாரணமாக எழுதியிருக்கிறது. 64 வயதில் தனியாக, மகள் நிறைமாதமாக இருக்கும்போது, ஆறு மாதம் சுற்றுலா போகிறேன் என்றால்தான் நம்பக் கஷ்டம். உண்மையை எழுதுங்கள். பேற்றுத் திகதி உள்ள வைத்தியரின் கடிதத்தை அக்கா எடுக்கட்டும். திகதிக்கு இரண்டு மூன்று கிழமை முன்பு போய், பிள்ளைக்கு மூன்று மாதம் ஆனதும் திரும்புவது என்று ஒரு காலக்கணக்குச் சொல்லுங்கள். அக்காவின் அழைப்புக் கடிதத்திலும் அதே திகதிகள் இருக்க வேண்டும். அம்மாவின் பிறந்த திகதி, முகவரி, எங்கே தங்குவார், யார் செலவு, வீட்டில் எத்தனை பேர், அக்காவின் பிரஜாவுரிமைப் பிரதி எல்லாம் அதில் வரட்டும். கடிதம் நீளமாக இருக்க வேண்டும் என்று இல்லை. பாசத்தைப் பக்கம் பக்கமாக எழுதுவதால் ஒரு பிரயோசனமும் கிடையாது.

இனி நீங்கள் போகிற போக்கில் சொன்ன ஒன்று. 2011இல் அம்மாவுக்கு லண்டன் விசா மறுக்கப்பட்டது, “அதைப் போடத் தேவையில்லை, பழைய கதை” என்று ஏஜென்சி சொன்னது என்கிறீர்கள். எனக்கு இந்தப் பைலில் பயம் தந்தது இதுதான். படிவத்தில் கேள்வி கனடாவைப் பற்றி மட்டும் இல்லை. எந்த நாட்டிலாவது விசா மறுக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்கிறது. எத்தனை வருடத்துக்கு முன் என்ற எல்லையும் கிடையாது. கனடா, பிரித்தானியா, அமெரிக்கா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஐந்தும் குடிவரவுத் தகவலைத் தங்களுக்குள் பார்க்கிற நாடுகள். பழைய மறுப்பு ஒன்று இருந்ததால் விசா கிடைக்காமல் போவது அபூர்வம், அதை மறைத்ததால் 40ஆம் பிரிவில் விழுவது நடக்கிறது. முதல் விண்ணப்பத்தில் “இல்லை” என்று போட்டிருந்தால், புதிய விண்ணப்பத்தில் “ஆம்” என்று போட்டு, லண்டன் மறுப்பு, இப்போதைய மறுப்பு இரண்டையும் எழுதி, முன்பு தவறாக நிரப்பப்பட்டதை நீங்களாகவே விளக்கக் கடிதத்தில் சொல்லிவிடுங்கள். அவர்கள் கண்டுபிடித்துக் கேட்கும்வரை இருக்க வேண்டாம். இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் அக்கா அங்கே ஒரு குடிவரவுச் சட்டத்தரணியிடம் ஒருமுறை காசு கொடுத்துக் கேட்பது நல்லது.

சுப்பர் விசா போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். 2011 கடைசியில் தொடங்கிய அது கனடாவில் இருப்பவரின் பெற்றோருக்கும் தாத்தா பாட்டிமாருக்கும் மட்டும் உரியது. 2022 ஜூலையிலிருந்து ஒரு தடவை போனால் 5 வருடம்வரை இருக்கலாம். ஆனால் அக்கா வீட்டு வருமானம் ஆட்களின் எண்ணிக்கைக்கு ஏற்ற குறைந்தபட்சத்தைத் தாண்ட வேண்டும். அந்த எண்ணிக்கையில் அம்மாவையும் சேர்க்க வேண்டும். அத்தானின் வருமானத்தையும் கூட்டிக் காட்டலாம். ஒரு வருடத்துக்குக் குறையாத, ஒரு இலட்சம் கனடிய டொலருக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி வாங்க வேண்டும். விலை கேட்டு எடுத்த தாள் செல்லாது, காசு கட்டிய பற்றுச்சீட்டு வேண்டும். மருத்துவப் பரிசோதனையும் உண்டு. 64 வயதுக்கு, அதுவும் பிரஷரோ சீனி வருத்தமோ இருந்தால், காப்புறுதிக்கு நல்ல காசு போகும். விசா மறுத்தால் திருப்பித் தருவார்களா என்று வாங்குமுன் எழுத்தில் கேளுங்கள். அம்மா அங்கே வருடக்கணக்கில் இருக்கப் போவதில்லை, இது நான்கு மாத விஷயம் என்றால் சாதாரண விசிட் விசாவே போதும் என்பது என் எண்ணம். நீங்கள் நினைப்பதுபோல் சுப்பர் விசாவில் 179(பி) கேள்வி இல்லாமல் போவதும் இல்லை. அங்கேயும் அதே கேள்விதான். பெற்றோரை நிரந்தரமாகக் கூப்பிடுகிற ஸ்பொன்சர் வேறு பாதை, அது பெரும்பாலும் குலுக்கல். 2020இல் பெயர் கொடுத்தவர்களிலிருந்தே பிந்திய வருடங்களிலும் அழைத்தார்கள்.

விசா கிடைத்தபின் நடக்கிற குழப்பம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டிக்கரில் உள்ள முடிவுத் திகதி, அதுவரை கனடாவுக்குள் நுழையலாம் என்பதற்கு. எவ்வளவு நாள் இருக்கலாம் என்பதை விமான நிலையத்தில் நிற்கிற எல்லை அதிகாரி தீர்மானிப்பார். அவர் திகதி எதுவும் எழுதாவிட்டால் 6 மாதம். அதற்குமேல் தேவைப்பட்டால் காலம் முடியுமுன் உள்ளேயிருந்தே நீடிப்புக்குப் போட வேண்டும். பத்து வருட விசா என்பதால் பத்து வருடம் இருக்கலாம் என்று நினைத்து நாள் தப்பவிட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும். அம்மாவுக்கு இங்கேயே சொல்லிக் கொடுங்கள்: எல்லை அதிகாரி எதற்கு வந்தீர்கள் என்றால் மகளின் பேற்றுக்கு, எப்போது போவீர்கள் என்றால் இந்த மாதம், அவ்வளவும் போதும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்டு வாங்கலாம்.

யாரிடம் கொடுப்பது? காசு வாங்கிக்கொண்டு கனடா விண்ணப்பத்தில் உதவ, கனடாவின் சட்டச் சங்கங்களில் பதிந்த சட்டத்தரணிகள் போன்றவர்களுக்கும், அங்குள்ள குடிவரவு ஆலோசகர் கல்லூரியில் (படிப்பிக்கிற இடம் இல்லை, ஆலோசகர்களை ஒழுங்குபடுத்துகிற அமைப்பு) பதிந்தவர்களுக்கும்தான் உரிமை. பதிந்தவர்களின் பெயர் கல்லூரியின் இணையத்தளத்தில் தேடலாம். மற்றவர்கள் நிரப்பிவிட்டு, தாங்கள் தொட்டதே இல்லை என்பதுபோல் விட்டுவிடுவார்கள். உங்கள் ஏஜென்சி தன் சொந்த மின்னஞ்சலில் இணைய விண்ணப்பக் கணக்குத் திறந்தது என்றால், அம்மாவின் பெயரில் என்ன எழுதினார்கள் என்று உங்களுக்கே தெரியாது. முழு விண்ணப்பத்தின் பிரதியைக் கேளுங்கள். தராவிட்டால் அக்கா அங்கிருந்து தகவல் கோரிக்கை போடலாம். கட்டணம் 5 டொலர், அம்மாவின் சம்மதக் கையெழுத்து வேண்டும். அந்த வழி கனடியப் பிரஜைகளுக்கும் நிரந்தர வதிவிடம் உள்ளவர்களுக்கும் கனடாவில் இருப்பவர்களுக்கும்தான். ஆனால் தன்னைப் பற்றிய தகவலை அம்மாவே இங்கேயிருந்து தனியுரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம், 2022 ஜூலையிலிருந்து வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் அந்த உரிமை உண்டு. அதிகாரி எழுதிய குறிப்பும் அதில் வரும். 2025 ஜூலையிலிருந்து பல மறுப்புக் கடிதங்களோடு அந்தக் குறிப்பையும் இணைத்தே அனுப்புகிறார்கள். உங்கள் கடிதத்தின் பின்பக்கங்களை முதலில் ஒருக்கால் பாருங்கள். சமஷ்டி நீதிமன்றத்துக்குப் போகவும் வழியுண்டு, வெளிநாட்டில் எடுத்த முடிவுக்கு 60 நாள் தவணை. விசிட் விசாவுக்கு அது காசுக்கும் காலத்துக்கும் கட்டாது.

திரும்பப் போடுவதுதான் வழி. கட்டணம் 100 கனடிய டொலர். அம்மா கொடுத்த கைரேகை 10 வருடத்துக்குச் செல்லும், அதற்கு மீண்டும் 85 டொலர் கட்ட வேண்டாம். இந்த முறை கணக்கை உங்கள் மின்னஞ்சலில் திறவுங்கள், கடவுச்சொல் உங்களிடம் இருக்கட்டும். அதற்குமுன் அம்மாவின் பாஸ்போட்டைப் பாருங்கள்; விசா அதன் காலத்தைத் தாண்டிக் கிடைக்காது. காலம் குறைவென்றால் முதலில் அதைப் புதுப்பியுங்கள். 2025 செப்டம்பரிலிருந்து யாழ்ப்பாணக் கச்சேரியிலேயே குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் கிளை இருக்கிறது, வவுனியாவுக்கோ பத்தரமுல்லைக்கோ அலையத் தேவையில்லை. புதியது வந்ததும் பழையதை எறிந்துவிடாதீர்கள். அம்மா சென்னைக்கும் திருச்சிக்கும் போய் நாள் தப்பாமல் திரும்பிய முத்திரைகள் அதில்தான் இருக்கின்றன. அந்தப் பக்கங்களையும் ஸ்கான் பண்ணிச் சேருங்கள்.